சங்கு ஊதாத நேரங்கள்

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெலிமடையில் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். என் அப்பா வாயைத் திறப்பதற்குள், "ராக்கெட் விடுறேங்க" என்று சொல்லிவிட்டேன். ராக்கெட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு என் கையால் விட்ட ஒரே ஒன்றும் மேலே போகாமல், பக்கத்துக் கடைக்காரர் காயப்போட்டிருந்த வேட்டியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பெண்ணின் அப்பா மரக்கறி மொத்த வியாபாரி. அவர் அசரவில்லை. "விடுறதுன்னா எப்படிங்க?" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கினேன். வெளிநாட்டில் ஒரு கம்பெனி சின்னச் சின்ன செயற்கைக்கோள்களை நூற்றுக்கணக்கில் வானத்தில் வலை மாதிரி விரிக்கப் போகிறது. ஒரு ராக்கெட்டில் எத்தனை ஏற்றுவது, எந்த ராக்கெட் முதலில் போவது, கோள்களை எந்தப் பாதையில் இறக்குவது, எந்தப் பாதையைக் கடைசிக்கு விடுவது, இந்தத் திட்டத்தைப் போடுவதுதான் பதுளையில் எங்கள் ஆபிஸ் வேலை.

"அதாவது ஒரே லொறியில கரட்டும் லீக்ஸும் ஏத்தி, தம்புள்ளைக்குப் பாதி, கொழும்புக்குப் பாதி எறக்குற மாதிரி."

"ஆமாங்க."

"இதுக்கா தம்பி கம்பஸ்ல போயி படிச்சீங்க?"

பெண் கிடைக்கவில்லை. வடை நன்றாக இருந்தது.

அந்த மனிதர் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டதை, இரண்டு வருடம் சம்பளம் வாங்கியும் நான் பிடித்துக்கொள்ளவில்லை. என் பக்கத்து மேசையில் இருந்தவர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு என் பொருட்டு இன்னொரு தடவை குமட்டும்.

குமட்டல்தான் அவருடைய அடையாளம். சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும். அவருக்கு அருவருப்பு வரும். இடது பக்க மூக்கு மட்டும் ஒரு நூலளவு மேலே ஏறும். அவ்வளவுதான். அந்த ஒரு நூலுக்கு ஆபிஸே நடுங்கியது. வயதில் என்னைவிட ஒரு வருடம் இளையவர். இருந்தாலும் நான் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டேன். பயத்துக்கு வயது தெரியாது. அவர் என்னை 'மொதலாளி' என்பார். பதுளை டவுனில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கடைக்காரரைக் கூப்பிடும் மரியாதைச் சொல்தான் அது. அவர் வாயில் அது வரும்போது மரியாதையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆபிஸ் ஒரு சீமெந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே ஒரு கம்பெனி, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே நாங்கள். நடத்தியவரை எல்லோரும் 'சேர்' என்போம். தங்கமான மனிதர், யாரையும் திட்டமாட்டார். தங்கமான மனிதர்களிடம் வேலை செய்வதில் உள்ள ஆபத்து எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் ஊர் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கம்பஸில் கணக்குப் படித்து முடித்தவர். வார நாட்களில் பதுளையில் ஒரு அறையில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக்குப் போவார். அங்கே அவருடைய அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

வந்த முதல் நாளே ஆபிஸ் தேத்தண்ணியை முகர்ந்து பார்த்தார். மூக்கு ஏறியது. "இது தேயில இல்ல. ஃபெக்டரி தரையில கூட்டினது" என்று கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றிலிருந்து வெந்நீர்தான் குடித்தார். அந்தத் தேயிலை எங்கள் கடையில் வாங்கியது. நான் சொல்லவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு சவுக்காரத் துண்டு வைத்திருப்பார். என் கணக்குக் கோப்பு எதையாவது கணினியில் திறந்து பார்த்தால், உடனே எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். கீபோர்ட்தான் அழுக்கு என்று நினைத்து நான் என் செலவில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கணினியில் என் கோப்பைத் திறந்தார், பார்த்தார், மூடினார், போய்க் கை கழுவினார்.

அளவுக்கு மீறி அழகாக வந்து நிற்கும் எண்ணைக் கண்டால், காலில் ஏறிய அட்டையைச் சுண்டுகிற மாதிரி விரலால் திரையைச் சுண்டுவார். "இது நாறுது. மறுபடி போடுங்க" என்பார். மறுபடி போட்டால் பத்துக்கு எட்டுத் தடவை நான் எங்காவது ஒரு பூச்சியத்தை விழுங்கியிருப்பேன். மற்ற இரண்டு தடவையும் கூட்டியிருப்பேன்.

சராசரி என்ற சொல்லை அவர் முன்னால் நான் கடைசியாகச் சொன்ன நாள் நினைவிருக்கிறது.

"சராசரியா பன்னெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு கோள் தலைக்கு மேல வருதுக்கா" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"வராம கெடக்கிற நேரம் ஆகக்கூட எவ்வளவு?"

"அது... மூணு மணித்தியாலத்துக்குக் கிட்ட."

"சரி. நீங்க போயி எங்க ஊரு பஸ் ஹோல்ட்ல நில்லுங்க மொதலாளி. மூணு மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது. பெறகு பதினாலு பஸ் வாலப் புடிச்சிக்கிட்டு வரும். சராசரி நல்லாத்தான் இருக்கும். நீங்க நனைஞ்சி போயிருப்பீங்க."

ஒருநாள் மத்தியானம் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோட்டு மலையைப் பற்றிச் சொன்னார். சொந்தக் கதை சொல்லும் ஆள் இல்லை அவர். திரையில் இருந்த வண்ணப் படம் ஒன்று கிளப்பிவிட்டது. கோள்கள் நெருக்கமாக வரும் இடமெல்லாம் பச்சையாகவும், வராத இடமெல்லாம் மங்கலாகவும் நான் தீட்டியிருந்த உலகப் படம். கம்பெனிக்காரர்கள் காணொளியில் அதைப் பார்த்து ஆகா என்றிருந்தார்கள். நான் இன்னும் அந்த ஆகாவிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

"கொழும்புல இருந்து பெரியாளுங்க தோட்டம் பாக்க வர்றாங்கன்னா, காலைப் பெரட்டுலயே சொல்லிருவாங்க" என்றார். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. "அன்னைக்கு எல்லாரும் ரோட்டு மலைக்கு. ஜீப்ல இருந்து பாத்தா மல நெறைய கூடையும் பொம்பளைங்களும். படம் புடிப்பாங்க. மேல அஞ்சாம் நம்பரு மலையில கொழுந்து முத்திப் போயி கெடக்கும். யாரு பாக்கப் போறா? அம்மா ஒரே வாரத்துல அதே செடிய மூணு தடவ பறிச்சிச்சு. கொழுந்து எங்க இருக்கும்? எட கொறைஞ்சா அரைப்பேரு. பாதி நாள் வேலைன்னு எழுதிருவாங்க."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சிரிச்சிச்சு. படத்துக்குச் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சிச்சு." மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டார். "எனக்கு அதத்தான் தாங்க முடியல."

அன்றிலிருந்து என் படங்களுக்கு அவர் சொல்லும் விமர்சனம் இரண்டே சொல். "ரோட்டு மலை."

இப்படியே வாழ்நாள் முழுக்க மூக்கைச் சுளித்துக்கொண்டு இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு நாள் முகம் முழுக்கச் சிரித்தபடி வந்தார். அவர்கள் லயத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவு ஆபத்தானது. சுவர்களில் கை நுழையும் வெடிப்பு. இடம் மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் பல வருடம். புது வீடு வரும் வரைக்கும் ஒரு ஏற்பாடாக மலை உச்சியில் ஒரு மழைமானியும், கீழே லயத்துக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு ஒரு அபாயச் சங்கும் வைக்கப் போகிறார்கள். மழை அளவு மீறினால் சங்கு ஊதும். சனம் எழுந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். நடுவில் மலையின் முதுகு மறைப்பதால் ஃபோன் கோபுரம் எட்டாது. ஆகவே செய்தி உச்சியில் இருந்து வானத்துக்குப் போய், வானத்தில் இருந்து சங்குக்கு வரும். அதற்கு ஏற்பாடாகியிருந்தது நாங்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த அதே செயற்கைக்கோள் வலைதான்.

"எங்கம்மா கூரைக்கு மேல நம்ம கோளு மொதலாளி" என்றார். அன்று ஆபிஸ் தேத்தண்ணியை முழுக் கோப்பையும் குடித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு இந்த வேலை, வேலையாக இல்லை.

ஒரு ராக்கெட் தன் சுமையை ஒரு வளையத்தில்தான் கொட்டும். வளையம் என்பது பூமியைச் சுற்றி ஒரு பாதை. பக்கத்து வளையத்துக்குத் தாண்ட வேண்டுமென்றால் கோளில் உள்ள எரிபொருள் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது. எங்கள் சித்தப்பாவைப் போல பூமிக்கும் இடுப்பு பெருத்திருக்கிறது. கோளைக் கொஞ்சம் தாழ்வாக நிறுத்தி வைத்தால், அந்த இடுப்பு இழுக்கிற இழுப்பில் அதன் பாதை மெதுவாகத் திரும்பி, சில மாதத்தில் பக்கத்து வளையத்தின் இடத்துக்குத் தானாகவே வந்துவிடும். செலவு இல்லை. பொறுமைதான் செலவு.

கம்பெனிக்குப் பொறுமை இல்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆகவே சேர் விரும்பிய திட்டம் இது: முதல் ராக்கெட்டுகள் எல்லாம் இரண்டே வளையத்தில் கொட்டட்டும். விழா நடக்கட்டும். மற்ற வளையங்களைப் பிறகு பார்க்கலாம். ஒரு வளையத்தில் கோள்கள் அடுத்தடுத்து வரும். அது கடந்து போனபின் அடுத்த வளையம் வரும்வரை மணிக்கணக்கில் வானம் காலி. பதினாலு பஸ் கதைதான்.

அக்கா போட்ட திட்டம் வேறு. அதே ராக்கெட்டுகள், ஒன்றுகூட அதிகமில்லை. ஒவ்வொரு சுமையையும் மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கைத் தாழ்வாகக் காத்திருக்க வைத்துப் பக்கத்து வளையங்களுக்குத் தள்ளிவிடுவது. "எல்லா மலைக்கும் மொதல்ல ஒரு ஆளு. பெறகு ரெண்டாவது ஆளு" என்பார். எந்த வளையமும் நிறைந்திருக்காது, எதுவும் காலியாகவும் இருக்காது. ஆகக்கூடிய இடைவெளி இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விழா மட்டும் நாலு மாதம் தள்ளிப்போகும்.

இரண்டு திட்டங்களையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என்னிடம் வந்தது.

இங்கே எங்கள் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. சீனி முடிந்திருந்தால், "நாளைக்கு வந்துரும்." குதிரைக் கொம்பு கேட்டாலும், "நாளைக்கு வந்துரும், மத்தியானத்துக்கு மேல வாங்க." இல்லை என்று சொன்ன கடைக்கு மூதேவி வந்து குந்திவிடுவாள் என்பது அப்பாவின் கொள்கை. கல்லாவில் நின்று வளர்ந்த எனக்கு வாயில் 'இல்லை' வராது. யார் எதைக் கேட்டாலும் தலை தானாகவே ஆடும்.

சேர் கூப்பிட்டு, "தம்பி, அளக்கிற எடங்கள கொஞ்சம் நல்லாத் தெரிவு செய்ங்க" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. தோளில் கை வைத்தார். என் தலை ஆடியது.

உண்மையில் அதை நான் மகிழ்ச்சியாகச் செய்தேன். வளையங்கள் எல்லாம் வடக்கே போகப் போக ஒன்றோடொன்று நெருங்கும். நம் தலைக்கு மேல் விலகி அகலும். ஆகவே வடக்கே உள்ள ஊர்களாகப் பார்த்து இருபது பொறுக்கினேன். எல்லாம் எனக்குப் போய்ப் பார்க்க ஆசையுள்ள ஊர்கள். பனியில் ஒரு கோட்டுப் போட்டு நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டே இடைவெளிகளை அளந்து, சராசரி எடுத்து, பச்சை வண்ணம் அடித்தேன். சேரின் திட்டம் ஜொலித்தது. 'சரிபார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டேன். அக்காவின் திட்டத்தை எடுத்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அதிலும் 'சரிபார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாடிக்கையாளரும் திருப்தியாகப் போவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை அக்கா இரண்டு தாள்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் சரியா?"

"கணக்குப்படி ரெண்டும் சரிதானேக்கா."

"இந்த லிஸ்ட்ல பனி பெய்யாத ஊரு ஒண்ணு காட்டுங்க."

நான் லிஸ்டைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நானே எழுதிய லிஸ்ட்.

"எங்கம்மா எந்த ஊருல இருக்கு, மொதலாளி?"

"அக்கா, அது கொஞ்ச காலத்துக்குத்தானே. ஒரு வருசத்துல எல்லா வளையமும் நெறைஞ்சிரும்."

"ஒரு வருசம்னா எத்தன மழ?"

ஊவா மலைநாட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும்.

"ஒரு கடிதம் எழுதுங்க" என்றார். "நான் எழுதுனா எந்திட்டத்துக்காக எழுதுறேன்னு சொல்லுவாங்க. நீங்கதான் சரிபாத்த ஆளு. அளந்த எடம் சரியில்ல, நம்ம பக்கம் ஒவ்வொரு நாளும் மூணு மணி நேரம் செவிடா இருக்கும்னு மூணு வரி. போதும்."

"எழுதுறேங்க. நாளைக்கு."

அந்த 'நாளைக்கு' எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியாது. நம்பிவிட்டார். மறுநாள் கேட்டார். நாளைக்கு என்றேன். அடுத்த நாள் கேட்கவில்லை, பார்த்தார். வெள்ளிக்கிழமை சேரின் திட்டம் என் கையெழுத்தோடு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று பின்னேரம் சேரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"முழுசா இல்லாட்டியும், ஒரு சங்கு இருக்கிறது நல்லதுதானே மகள்?" என்றார் சேர், அன்பாகவே.

"சங்கு இல்லாத லயத்துல மழ பேஞ்சா சனம் தானா எழும்பி ஓடும் சேர். சங்கு இருக்கிற லயத்துல, இன்னும் ஊதலையேன்னு குந்திக்கிட்டு இருக்கும். இல்லாத சங்கு யாரையும் கொல்லாது."

"நீங்க எல்லாத்தையும் அசிங்கமாவே பாக்கிறீங்க."

"அசிங்கத்த வேற எப்படிப் பாக்கிறது சேர்?"

வெளியே வந்து சவுக்காரத் துண்டையும் வெந்நீர்க் கோப்பையையும் பைக்குள் போட்டார். நான் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதியை இரண்டு நகத்தால் ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, என் மேசையில் விட்டார். ஹல்துமுல்லை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. திரும்பி வரவேயில்லை.

திறப்பு விழா குறித்த நாளில் நடந்தது. எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அப்பா அதைக் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம், "எம்மகன் ராக்கெட் விட்டது" என்றார். பொய் பரம்பரையாக வருவது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த ஒரு பின்னேரம், அக்காவின் தோட்டத்தில் சரிவு பெயர்ந்து ஒரு லயம் முழுவதையும் மூடிவிட்டது என்று செய்தி வந்தது. நேரம் நாலு மணியைத் தாண்டி இருக்கும் என்றார்கள். கடையில் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பின்னறைக்குப் போய் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். கோள்கள் அன்றைக்கு எங்கே இருந்தன என்பதை யாரும் இணையத்தில் எடுக்கலாம். எடுத்துப் போட்டேன். ஹல்துமுல்லைக்கு மேல் இரண்டே காலில் இருந்து ஐந்து மணி வரை வானத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன். பூச்சியம் எதையும் விழுங்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை என் கணக்குச் சரியாக வந்தது. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அப்புறம்தான் அடுத்த செய்தி: ஒரு உயிரும் போகவில்லை.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வியாபாரிகள் சங்கம் நிவாரண லொறி அனுப்பியது. நானும் ஏறிக்கொண்டேன். படம் எடுப்பார்கள் என்று சொன்னதால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை. லொறியில் பாதி எங்கள் கடைச் சாமான். நாள் தாண்டிய பிஸ்கட்டை அப்பா அடியில் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி அதன்மேல் பாயைப் போட்டேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஈரப் பாயும் ஈரச் சனமுமாக நிறைந்திருந்தது. காற்றுத் திரும்பும்போதெல்லாம் பின்பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. படம் எடுக்கிறவர் எங்களைப் பிஸ்கட் பெட்டியோடு வரிசையில் நிறுத்தி, வாங்குகிற பெண்களைச் சிரிக்கச் சொன்னார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தேன்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாள் வாரியாக நேரங்கள், பஸ் நேர அட்டவணை மாதிரி. தலைப்பில் பெரிய எழுத்தில்: 'இந்த நேரம் சங்கு ஊதாது.' இடைவெளி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்துகொண்டு போவதுகூட வரிக்கு வரி சரியாக இருந்தது. சரிந்த நாளைத் தேடினேன். பின்னேரம் இரண்டே கால் முதல் ஐந்து.

"எம்மக வாராவாரம் போட்டு ஒட்டும்ங்க" என்றது பின்னால் ஒரு குரல். ஒல்லியான ஒரு அம்மா, தோளில் ஈரத் துண்டு. அக்காவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. "இந்த நேரம் வானம் செவிடு, நீங்களே மழையப் பாருங்கன்னு சொல்லிருச்சு. வெட்டுன போத்தல் ஒண்ணுல செவப்பு நூலு கட்டி வாசல்ல வச்சிச்சு. தண்ணி நூலத் தாண்டுனா தப்பு மேளத்த அடிக்கணும், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும். மொதல்ல சனம் சிரிச்சிச்சு. கவுர்மென்டு சங்கு இருக்கு, இவ போத்தல் வைக்கிறாளேன்னு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு எம்மொறை. நாலு மணிக்குத் தாண்டிருச்சு. தப்ப அடிச்சேன். சில பேரு, சங்கு ஊதலையேன்னாங்க. தாள காட்டினேன். பெறகுதான் நகந்தாங்க. பாதி வழியில ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா லயம் இல்லீங்க." அவர் துண்டைப் பிழிந்தார். "சங்குக் கம்பம் மட்டும் மண்ணுக்கு நடுவுல நின்னுச்சு. அஞ்சு மணிக்கு அது ஊதுச்சு பாருங்க... யாருக்கு ஊதுச்சோ. வீட்ட எல்லாம் மூடுன பெறகு. எறங்குங்க, ஓடுங்கன்னு, அர மணித்தியாலம் நிப்பாட்டாம ஊதுச்சு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பினேன். அக்கா இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் நின்றார். வாளிகளைக் கீழே வைக்கவில்லை.

வழியெல்லாம் லொறியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "அக்கா, அந்தக் கடிதத்த நான் எழுதவே இல்ல. எழுதணும்னு நெனைக்கவும் இல்ல. ரெண்டு பேரையும் சமாளிச்சிட்டேன்னு சந்தோசப்பட்டேன். இத்தன சனத்த நான் கொன்னிருப்பேன். இப்ப கம்பெனிக்கு எழுதிட்டேன், நேத்து எழுதிட்டேன், என் கையெழுத்துத் தப்புன்னு எழுதிட்டேன். அது காணாதுன்னு தெரியும். நான் ஒரு கேவலமானவன்க்கா. நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கிறேன். எதையாவது சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?"

"பின்னால கக்கூஸ் கழுவ ஆளில்ல, போங்க."